கண்டிக் காட்டில் கன்றுகள் எங்கே?

உடவத்தகெலேக்குள் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார்கள். தலதா மாளிகையின் முதுகை ஒட்டிக் கிடக்கும் அந்த 104 ஹெக்டயர் காட்டில் மேலே பார்க்க நிறையவே இருக்கிறது. ஒரு மரத்தில் ஏறி இன்னொன்றில் இறங்கும் பருத்த புஸ்வெல் கொடி, கிளைகளில் சண்டையிடும் செங்குரங்குகள், பெயர் தெரியாத பறவைகளின் குரல். கண்டி அரசர்களின் காலத்தில் குடிமக்கள் நுழைய முடியாமல் காக்கப்பட்ட காடு அது. ஆங்கிலேயர் 1856இல் அதை ஒதுக்குக் காடாக்கினார்கள். 1938இல் சரணாலயமாயிற்று. நகரம் நான்கு பக்கமும் நெருக்கிய பிறகும் அது மிஞ்சி நிற்பது பெரிய காரியம்தான்.

ஆனால் அந்தக் காடு இன்னும் நூறு ஆண்டுகளில் என்னவாக இருக்கும் என்று அறிய விரும்புகிறவர் தரையைப் பார்க்க வேண்டும். பல இடங்களில் கணுக்கால் உயரத்துக்கு அடர்ந்து முளைத்திருப்பவை பெரு பல்சம் என்ற தென்னமெரிக்க மரத்தின் கன்றுகள். குடியேற்றக் காலத்தில் கொண்டுவரப்பட்ட மரம் அது. ஒற்றைச் சிறகுள்ள அதன் காய் காற்றில் சுழன்று விழுந்து, விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கிறது. இன்னொரு பக்கம் மகோகனிக் கன்றுகள். வேறு சில இடங்களில் வீட்டு வரவேற்பறையில் போத்தலில் வைத்து வளர்ப்போமே, அந்த மணி பிளான்ட் தரையை மூடிப் படர்ந்து, மரங்களில் ஏறிக் கையகல இலைகளை விரித்திருக்கிறது. அதன் அடியில் எந்த விதை விழுந்தாலும் வெளிச்சம் கிடையாது. தலைக்கு மேலே நிற்கும் நாட்டு மரங்களின் பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது நாம் இந்தத் தரையைப் பற்றிப் பேசுவதில்லை. மரம் நட்டால் காலநிலை சீராகும் என்று மேடைகளில் சொல்கிறோம். மாறும் காலநிலையில் அந்த மரமே எப்படிப் பிழைக்கும் என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் பெரும்பாலும் கன்றுகளிடம்தான் போய் நிற்கும் என்பதே என் வாதம்.

வளர்ந்த மரம் நின்ற இடத்தில் நின்றபடியே செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இலைவாய்கள் இருக்கின்றன. காபனீரொட்சைட்டு உள்ளே வருவதும் நீராவி வெளியேறுவதும் அவற்றின் வழியாகத்தான். காற்று உலர்ந்தால் மரம் இலைவாய்களை மூடிக்கொள்கிறது. நீர் மிஞ்சும், ஆனால் உணவு உற்பத்தி நின்றுவிடும். கடையைப் பூட்டிவிட்டுச் சேமிப்பில் சாப்பிடும் வியாபாரியின் நிலைதான் அது. சில வாரங்கள் தாங்கும், பல மாதங்கள் தாங்காது. மூடாமல் விட்டால் வேறு ஆபத்து. வேரிலிருந்து உச்சி இலைவரை காழ்க் குழாய்களில் இழுபட்டு நிற்கும் நீர்நிரல் இழுவிசை தாங்காமல் அறுந்து, அந்த இடத்தில் காற்றுக் குமிழி புகுந்துவிடும். அதற்கு மேல் அந்தக் குழாயால் பயனில்லை. போதிய குழாய்கள் அப்படிக் கெட்டால் கிளை காயும். இன்னும் கெட்டால் மரமே போய்விடும்.

இதில் வெப்பத்தின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரிது. காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அது ஏந்தக்கூடிய நீராவியின் அளவு சுமார் ஏழு வீதம் கூடுகிறது. மழை குறையாவிட்டாலும் காற்றின் தாகம் கூடிவிடுகிறது என்று பொருள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஈரக்காடுகளில் அரை நூற்றாண்டாகக் கணக்கெடுத்து வந்த மரங்களைப் பற்றி 2022இல் வெளியான ஆய்வு, ஓர் ஆண்டில் ஒரு மரம் சாகும் வாய்ப்பு முப்பத்தைந்து ஆண்டுகளில் இரட்டிப்பாகியிருப்பதைக் காட்டியது. முதன்மைக் காரணமாக ஆய்வாளர்கள் சுட்டியது காற்றின் இந்தத் தாகத்தையே. இலங்கையில் 1961 முதல் 1990 வரையான காலத்தில் வெப்பநிலை ஆண்டுக்குச் சராசரி 0.016 பாகை ஏறியதாகப் பதிவுகள் சொல்கின்றன. கேட்கச் சின்ன எண்தான். முந்நூறு ஆண்டு வாழக்கூடிய மரத்துக்கு அது சின்ன எண் அல்ல.

இலையையே மாற்றிக்கொள்வதும் உண்டு. எஃப். ஐ. வுட்வார்ட் என்ற பிரித்தானியத் தாவரவியலாளர், கேம்பிரிட்ஜில் உலர்த்திப் பாதுகாத்த இருநூறு ஆண்டுக்கால மர இலைகளை எடுத்து இலைவாய்களை எண்ணினார். காற்றில் காபனீரொட்சைட்டு கூடக் கூட, மரங்கள் இலைவாய்களைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தன. குறைவு ஏறத்தாழ 40 வீதம் என்று 1987இல் எழுதினார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பேராதனை நினைவு வரும். 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிய பேராதனைத் தாவரவியற் பூங்காவில், உலர்த்திய தாவரங்களின் தேசியக் காப்பகம் இருக்கிறது. துவெயிட்ஸ், டிரைமன் முதலான பூங்காப் பணிப்பாளர்களின் காலத்தில் இந்த மலைகளில் ஏறிப் பறித்த இலைகளும் பூக்களும், எங்கே, எந்த மாதம், எந்த ஆண்டு பறித்தது என்ற குறிப்போடு தாள்களில் ஒட்டப்பட்டிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் தும்பறை (நக்கிள்ஸ்) மலையில் ஒரு மரம் எந்த மாதம் பூத்தது என்பது அந்தத் தாளில் இருக்கிறது. அதே மரம் இன்று எந்த மாதம் பூக்கிறது என்று பார்க்க ஒரு மாணவனும் ஒரு பஸ் கட்டணமும் போதும். பேராதனைப் பல்கலைக்கழகமும் பூங்காவும் அருகருகே இருக்கின்றன. இந்த ஒப்பீட்டை எல்லா முக்கிய மரங்களுக்கும் முறையாகச் செய்து முடிப்பது நம்முடைய கடமை. வேறு எந்த நாட்டானும் வந்து செய்து தரமாட்டான்.

நாகமரத்தைத் தெரியாதவர்கள் இங்கே இல்லை. 1986இல் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. அதன் தளிர் இரத்தச் சிவப்பாக விரிந்து, பிறகு மெல்லப் பச்சையாகும். இளம் இலை முதிரும்வரை கடும் வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் அந்தச் சிவப்பு அதைக் காப்பதாகத் தாவரவியலாளர்கள் விளக்குகிறார்கள். தளிர் விடும் காலம், பூக்கும் காலம், இலை உதிர்க்கும் காலம் ஆகிய மூன்றையும் மரம் மழையையும் வரட்சியையும் பார்த்தே தீர்மானிக்கிறது. கண்டிக்கு இரண்டு பருவப்பெயர்ச்சிகளின் மழையும் கிடைக்கும். அவற்றுக்கு இடையில் வரும் ஐப்பசி கார்த்திகை மழைதான் கனமானது. அந்த ஒழுங்கு பிசகும்போது பூ ஒரு காலத்திலும், அதைத் தேடி வரும் தேனீ இன்னொரு காலத்திலுமாகிவிடும். 2016இல் தொடங்கி 2017வரை நீண்ட வரட்சி நாற்பது ஆண்டுகளில் காணாதது என்றார்கள். அதற்கு நேர் எதிராக 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. இரண்டும் பத்து ஆண்டுகளுக்குள்.

ஒரு மரம் தன் ஆயுளுக்குள் செய்யக்கூடியது இவ்வளவுதான். எல்லை தாண்டினால் அதனால் முடியாது. ஹோட்டன் சமவெளியில் 1970களின் பிற்பகுதியிலிருந்தே கீன மரங்களும் அவற்றோடு நிற்கும் காட்டு நாவல் இனங்களும் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து சாவதைக் கண்டு வருகிறோம். மண்ணின் ஈரக்குறைவு, மண்ணின் அமிலத்தன்மை, காற்றோடு வரும் ஈயம், வேர் நோய் என்று பல காரணங்கள் ஆராயப்பட்டன. ஒன்றையே குற்றவாளியாக்க முடியவில்லை. பலவீனப்பட்ட மரத்துக்கு எல்லாம் சேர்ந்துதான் முடிவு கட்டுகின்றன போலும். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழை குறைந்து வருவதைப் பேராதனைப் புவியியலாளர் மத்தும பண்டாரவும் அவரது சகாவும் நீண்டகாலப் பதிவுகளை வைத்துக் காட்டியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முகில் தொட்டுச் செல்லும் உச்சிக் காடுகள் இலையாலும் பாசியாலும் பனிமூட்டத்தை வடித்து மண்ணுக்கு நீர் தருபவை. முகில் சற்று மேலேறி மிதந்தாலும் அந்த நீர் போய்விடும்.

தாய் மரத்தால் முடியாததைப் பிள்ளைகள் செய்யலாம். ஒரு மரம் ஆயுளில் ஆயிரக்கணக்கில் விதை போடுகிறது. எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் வேர் சற்று வேகமாகக் கீழிறங்கும். ஒன்றின் இலை சற்றுத் தடிப்பாக இருக்கும். கடும் வரட்சி வரும்போது மற்றவை செத்து, அந்த ஒன்று நிற்கும். நோர்வேயில் ஸ்புரூஸ் மரங்களை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: வெப்பமான ஆண்டில் முதிர்ந்த விதையிலிருந்து வரும் கன்று, குளிர்ந்த ஆண்டில் அதே தாய் தந்த கன்றைவிடப் பிந்தியே குளிர்கால மொட்டுக்குத் தயாராகிறது. தாய் பட்ட வெயிலின் சுவடு விதையில் பதிகிறது. ஆகவே இன்று விழும் விதை, ஐம்பது ஆண்டுக்கு முன் விழுந்த விதையைவிட இன்றைய காலநிலைக்குச் சற்றேனும் தயாரானதாக இருக்கக்கூடும். அந்த விதை முளைத்து வளர இடம் இருக்க வேண்டும். உடவத்தகெலேயின் தரையில் இல்லாதது அந்த இடம்தான்.

நக்கிள்ஸ் என்று வெளியார் பெயரிட்ட தும்பறை மலையில் இதே கதை வேறு விதமாக நடந்தது. கண்டி, மாத்தளை மாவட்டங்களுக்கு நடுவே எழுந்து 1,906 மீற்றர்வரை உயரும் மலைத்தொடர் அது. மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர்வரை மழை கொட்டும். முகட்டைத் தாண்டிக் கிழக்கே மீமுரே பக்கம் இறங்கினால் உலர்வலயக் காட்டின் வாசனை வந்துவிடும். இடையில் காற்று விடாமல் அறையும் முகடுகளில் மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளராமல் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. இத்தனை விதமான காலநிலை இத்தனை சிறிய இடத்தில் இருப்பது உலகில் அரிது. ஹோட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கியது வீணாக அல்ல. ஸ்டெமோனோபோரஸ் என்ற மர இனக்குழு உலகிலேயே இலங்கையில் மட்டும்தான் இருக்கிறது. அதில் அஃபினிஸ் என்ற இனம் தும்பறை மலையில் மட்டும்தான்.

கோப்பித் தோட்டங்களுக்காகக் கண்டிச் சீமையின் காடுகள் எரிந்த காலத்திலேயே சிலருக்கு அச்சம் தட்டியது. கியூ பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின் பேரில் 1873இல், 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டைத் தோட்டங்களுக்கு விற்பதை அரசு நிறுத்தியது. தும்பறையின் உச்சிக் காடு காலநிலையைக் காக்கும் ஒதுக்குக் காடாக அன்றே அறிவிக்கப்பட்டது. காடு போனால் மழை போகும், ஓடை வற்றும், தோட்டமே அழியும் என்ற கணக்கு தோட்டத்துரைமாருக்கும் விளங்கியிருந்தது. 150 ஆண்டுகளுக்கு முன்பே விளங்கிய விடயத்தை இன்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் மாநாடு கூட்டிப் பேசுகிறோம்.

ஆனால் அந்த உச்சிக் காட்டுக்குள் ஏலம் புகுந்தது. ஏலத்துக்கு நிழல் வேண்டும், ஆகவே பெரிய மரங்களை வெட்டவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் காடு முழுதாக இருந்தது. உள்ளே அடிக்காட்டைச் செதுக்கி, கன்றுகளைப் பிடுங்கி, ஏலத் தூர்களை நட்டார்கள். காயைப் பதப்படுத்தும் கொட்டில்களுக்கு விறகும் அதே காட்டிலிருந்து வந்தது. பல பத்தாண்டுகள் இப்படி நடந்தபோது, கிழட்டு மரம் சாய்ந்தால் அதன் இடத்தைப் பிடிக்க வாலிப மரம் இல்லாத காடாக அது மாறியது. பின்னர் அரசு குத்தகைகளை நிறுத்தியது. 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாகவும் அறிவித்தது. கைவிடப்பட்ட பிறகும் ஏலம் நிழலில் தானாக முளைத்துக்கொண்டே இருக்கிறது. தடையால் அந்த மலையடிவாரக் கிராமங்களும் தொழிலாளர்களும் இழந்த வருமானத்துக்கு ஈடு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏலத்தைப் பிடுங்கி, நாட்டுக் கன்றுகளை நட்டுக் காக்கும் வேலையை அதே மக்களுக்குச் சம்பளத்தோடு கொடுத்திருந்தால், காடும் திரும்பியிருக்கும், கோபமும் ஆறியிருக்கும். இன்றும் அது செய்யக்கூடிய வேலையே.

மரங்கள் ஏறி நடக்கவும் செய்கின்றன. தனி மரம் நடக்காது, இனம் நடக்கும். மேட்டில் விழுந்த விதை பிழைத்து, பள்ளத்தில் விழுந்தது சாகும்போது, ஒரு தலைமுறையில் அந்த இனம் சில மீற்றர் மேலே குடிபெயர்ந்திருக்கும். பெரு நாட்டின் அந்தீஸ் மலையில் கென்னத் ஃபீலியும் குழுவினரும் அளந்து, மரங்கள் ஆண்டுக்குச் சராசரி 2.5 முதல் 3.5 மீற்றர்வரை உயர்மட்டத்தை நோக்கி நகர்கின்றன என்று 2011இல் எழுதினார்கள். வெப்பம் ஏறும் வேகத்துக்கு அந்த நடை போதவில்லை என்பதும் அவர்கள் முடிவு. நூறு மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் 0.65 பாகை குறையும். அப்படியென்றால் ஒரு பாகைச் சூட்டிலிருந்து தப்ப ஏறத்தாழ 150 மீற்றர் மேலேற வேண்டும்.

இந்தக் கணக்கைக் கண்டிக்குக் கொண்டுவந்து பாருங்கள். உடவத்தகெலேயின் உச்சி கண்டி ஏரியிலிருந்து 115 மீற்றர் உயரம்தான். அந்தக் காடு முழுவதும் ஏறி முடித்தாலும் ஒரு பாகைக்குக்கூடக் காணாது. அதற்கு அப்பால் கட்டடங்களும் தார் வீதியும். அங்கிருந்து ஹந்தானைக்கு, ஹந்தானையிலிருந்து இன்னும் உயர்ந்த மலைகளுக்கு விதை போவதற்கு வௌவாலும் மைனாவும் புனுகுப்பூனையும் கடந்து செல்லக்கூடிய பசுமைத் தொடர் வேண்டும். இடையில் இருப்பவை தேயிலை, மானாப்புல், பைனஸ், வீடுகள். தும்பறை உச்சியில் ஏற்கெனவே நிற்கும் மரங்களுக்கோ அதற்கு மேல் மலையே இல்லை.

ஹந்தானைப் பைனஸ் பற்றி ஒரு வார்த்தை. 1970களிலும் 80களிலும் தரிசாகிப்போன தேயிலை நிலங்களில் கரீபியன் பைனஸை நட்டார்கள். நீரை உறிஞ்சுகிறது, அடியில் எதுவும் முளைப்பதில்லை, ஒவ்வொரு வரட்சியிலும் தீப்பிடிக்கிறது என்று இன்று எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள். தீ உண்மைதான், உதிர்ந்த ஊசியிலைக்கு ஒரு பீடித் துண்டு போதும். ஆனால் பைனஸை வெறுமனே வெட்டிவிட்டால் அங்கே வருவது காடு அல்ல, மானாப்புல். மானாவும் எரியும், இன்னும் வேகமாக. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க இருவரும் அமெரிக்காவின் மார்க் ஆஷ்டனோடு சேர்ந்து சிங்கராஜ வன எல்லையில் செய்துகாட்டியது வேறு வழி. பைனஸ் வரிசைகளில் சிலவற்றை மட்டும் நீக்கி, அந்த இடைவெளியில் மழைக்காட்டு மரக் கன்றுகளை நட்டார்கள். மிஞ்சிய பைனஸ் தாதிபோல நிழல் கொடுக்க, கன்றுகள் வேர்விட்டன. 1997இல் அந்த முடிவுகள் அச்சேறிவிட்டன. வழி தெரிந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஹந்தானையின் சரிவுகளில் அது பரவலாக நடைமுறைக்கு வராததற்கு நான் எந்த நியாயத்தையும் காணவில்லை.

காடு தானாகவே திரும்பும் என்பதற்கு நகரத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. துனுமடலாவக் காடு, வோக்கர் தோட்டம் என்று முதியவர்கள் சொல்வது, ஒருகாலத்தில் கோப்பியும் கொக்கோவும் தேயிலையும் நின்ற நிலம். கண்டி நகரின் குடிநீர்ப் பிடிப்புப் பகுதி என்பதால் பயிர் கைவிடப்பட்டுக் காக்கப்பட்டது. இன்று சுமார் 480 ஹெக்டயரில் காடு. விதை வந்து சேரும் தூரத்தில் வேறு காடு இருந்ததும், தீயும் கத்தியும் எட்டாமல் காத்ததும்தான் காரணம். யாரும் அதை மரநடுகை விழா வைத்து உருவாக்கவில்லை.

மரநடுகை விழாக்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. இத்தனை இலட்சம் கன்று நட்டோம் என்ற எண்ணைச் சொல்கிறார்கள். எந்த இனம், எந்தத் தாயின் விதை, மூன்று ஆண்டில் எத்தனை மிஞ்சின என்ற கணக்கு வருவதில்லை. ஒரே இனத்தை, பெரும்பாலும் ஒரே நாற்றங்காலிலிருந்து, மலை முழுக்க நடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தெரிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கண்டியின் கோப்பித் தோட்டங்கள் சாய்ந்தன. 1880களின் தொடக்கத்தில் இங்கு வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட், இடைவெளியில்லாமல் ஒரே பயிரை மலைமலையாக நட்டதே நோய்க்குக் கதவு திறந்தது என்றார். லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் பிறகு மலைகளைப் பிடித்தது. கோப்பி சாய்ந்தபோது வேலையிழந்து நடந்தே ஊர் திரும்பியவர்களும் வழியில் மாண்டவர்களும் நம் முன்னோர்.

ஆகவே விதை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது தும்பறையைப் பொறுத்தவரை உயிர்நிலையான கேள்வி. முகட்டின் இரு பக்கமும் வளரும் மர இனங்கள் பல உண்டு. கிழக்கே உலர்ந்த சரிவில் பல நூறு தலைமுறைகளாக நின்று பழகிய தாய் மரத்தின் விதை, மேற்கே ஈரச்சரிவில் நிற்கும் அதே இனத் தாயின் விதையைவிட வரட்சி தாங்கக்கூடும். நாளைய மேற்குச் சரிவு இன்றைய நடுச்சரிவைப்போல் உலர்ந்தால், அந்த விதையில் ஒரு பங்கை இன்றே கலந்து நடுவது புத்தி. முழுவதையும் மாற்ற வேண்டாம். உள்ளூர் விதையோடு ஒரு பங்கு. சோதனைப் பாத்திகளில் தொடங்கி, பார்த்து, பிறகு பரப்பலாம். அந்நிய நாட்டு மரத்தைக் கொண்டுவந்து பட்ட பாடு போதும். இது அடுத்த பள்ளத்தாக்கின் விதை.

உடவத்தகெலேயில் அந்நிய மரக் கன்றுகளை ஆண்டுதோறும் கையால் பிடுங்க வேண்டும். விதை போடும் பெரிய பல்சம் மரங்களைப் படிப்படியாக, தரை திடீரென்று வெளிச்சமாகிவிடாமல், நீக்க வேண்டும். சரணாலயத்துக்குள் மரம் வெட்டுவதா என்று எதிர்ப்பு வரும். அந்தக் கேள்வி கேட்பவர்களின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அன்பு தாய் மரத்தோடு நின்றுவிடக் கூடாது.

தோட்டங்களின் பங்கு இதைவிடப் பெரிது. கண்டியைச் சுற்றிய ஒவ்வொரு தோட்டத்திலும் ஓடை ஓடும் பள்ளங்கள் உண்டு. தேயிலை நட முடியாத செங்குத்து மூலைகள் உண்டு. கீழ்மட்டத்திலிருந்து மலை முகடுவரை ஏறும் அந்த ஓடைக்கரைகளை இருபுறமும் இருபது முப்பது மீற்றர் அகலத்துக்குக் காடாக விட்டால், மரங்கள் ஏறிப்போக அதுவே படி. நிழலுக்குச் சவுக்கும் முள்முருக்கும் நடுவதோடு நாட்டு மரங்களையும் கலக்கலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மலையக மக்கள் இரு நூற்றாண்டாகச் சொந்த நிலமின்றி லயத்தில் இருக்கிறார்கள். பசுமைத் தொடர் என்ற பெயரில் அவர்கள் பயிரிடும் சிறு துண்டுகளையும், கேட்டுக்கொண்டிருக்கும் காணியையும் பறித்தால் அதை நான் எதிர்ப்பேன். ஓடைக்கரையும் செங்குத்துச் சரிவும் குடியிருக்க உகந்த இடங்களும் அல்ல. டித்வா அதைக் காட்டிவிட்டது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டங்களில் அதிக உயிரைக் கொடுத்தது கண்டி. அவ்வளவு மழையை எல்லாச் சரிவிலும் காடு தாங்கியிருக்கும் என்று சொல்லி இறந்தவர்களுக்கு அநியாயம் செய்ய மாட்டேன். குடியிருப்பதற்குப் பாதுகாப்பான காணியை மக்களுக்கும், குடியிருக்க முடியாத சரிவைக் காட்டுக்கும் கொடுப்பது ஒரே வேலையின் இரண்டு பாதிகள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத் தீர்க்க வேண்டும்.

டித்வாவில் சரிந்த மலைமுகங்கள் இப்போது செம்மண்ணாகத் திறந்து கிடக்கின்றன. பச்சையாக்கிக் காட்டும் அவசரத்தில் வேகமாக வளரும் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து நிரப்பும் ஆசை அதிகாரிகளுக்கு வரும். தயவுசெய்து வேண்டாம். மண் ஆய்வாளர்கள் உறுதியானதென்று சொல்லும் சரிவுகளில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தீயும் மாடும் புகாமல் காத்தால், பல இடங்களில் கெந்த மரம் தானாக முளைக்கும். ஹலப அவிக்க இலை பறிக்கிறோமே, அதேதான். வெறும் மண்ணில் முதலில் குடியேறும் மரம் அது. அதன் நிழல் தரையில் விழுந்த பிறகு நாகமரமும் மற்றக் காட்டு மரங்களும் அதன் அடியில் வளரும். மழைக்காட்டின் பெரிய மரங்கள் பலவற்றின் விதை உறங்கிக் கிடக்கத் தெரியாதது. விழுந்த சில வாரங்களுக்குள் முளைக்காவிட்டால் செத்துவிடும். சாக்கில் கட்டிக் களஞ்சியத்தில் வைக்க முடியாது. அதனால் அந்த நாளில் நடக் கன்று வேண்டுமென்றால், வனப் பாதுகாப்புத் திணைக்களம் தும்பறையில் எந்தத் தாய் மரம் எப்போது காய்க்கிறது என்ற பட்டியலை இந்த ஆண்டே தயாரித்து, அடிவாரக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் நாற்றங்கால்களைத் திறந்து, விதை பொறுக்குகிறவர்களுக்கும் கன்று வளர்ப்பவர்களுக்கும் நாட்கூலியை வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்க வேண்டும்.